நாதியற்ற குழந்தைக்கு யார் வக்கீல்?

(மைசூர் விஜயநகரில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டங்களில் நாம் வழக்கமாகப் பேசுவது கூலி, ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா, பள்ளியில் தமிழ் வகுப்பு. இன்று நிர்வாகக் குழு எனக்குக் கொடுத்திருப்பது அனாதைக் குழந்தைகள் பற்றிய விஷயம். அறிவிப்பு ஒட்டியதும் ஒரு தோழர் என்னிடம், "அண்ணே, நம்ம பிரச்சினையே தலைக்கு மேல இருக்கு, இதுல வெளிநாட்டுக்குத் தத்துப் போற குழந்தையைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நமக்குக் கஷ்டம் வந்தால் சங்கம் இருக்கிறது. ஓட்டு இருக்கிறது; ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கும்பிடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஜாதிக்கு ஒரு சங்கம், மதத்துக்கு ஒரு சபை, பாஷைக்கு ஒரு மன்றம் இருக்கிறது. அனாதைக் குழந்தைக்கு இதில் எதுவும் கிடையாது. அதற்கு ஓட்டில்லை, மனு எழுதத் தெரியாது, ஊர்வலம் போகாது. அதனால்தான் அரசியல்வாதிகளுக்கு அது மிகவும் சௌகரியமான பொருளாக இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் உருட்டலாம், கேட்பாரில்லை.

இன்னொன்று. அனாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவர்கள் அல்ல. கட்டட வேலைக்குப் போனவர்கள், செங்கல் சூளைக்குப் போனவர்கள், காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்கள் பெற்ற பிள்ளைகள் அவர்களில் ஏராளம். அதாவது நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள். இதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

இப்போது இந்தப் பேச்சு ஏன் எழுந்தது? 2024ஆம் ஆண்டில் சீன சர்க்கார் தன் நாட்டுக் குழந்தைகளை வெளிநாட்டாருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. உறவுமுறையில் எடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டில் டென்மார்க்கில் இந்த வேலையைச் செய்துவந்த ஒரே நிறுவனம் கடையைக் கட்டியது. நெதர்லாந்து சர்க்கார் படிப்படியாக முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் சுவிட்சர்லாந்து சர்க்காரும் தடை செய்யப் போவதாகச் சொன்னது. இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, இந்தியாவும் கதவைச் சாத்த வேண்டும், நம் நாட்டுப் பிள்ளையை வெள்ளைக்காரனுக்கு விற்பது தேசத்துக்கே அவமானம்" என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். இன்னொரு சாரார், "இங்கே கஞ்சிக்கு இல்லாமல் கிடப்பதற்கு அங்கே போய் ராஜா மாதிரி இருக்கட்டுமே" என்கிறார்கள். இரண்டு பேச்சையும் நான் டீக்கடையில் கேட்டிருக்கிறேன். முதல் பேச்சில் தேசம் இருக்கிறது, இரண்டாவது பேச்சில் பணம் இருக்கிறது. இரண்டிலும் குழந்தை இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி இந்துக்கள், சீக்கியர், ஜைனர், பௌத்தர் தத்தெடுக்கலாம். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி, வெளிநாட்டார் யாருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் 1890ஆம் வருடத்து வெள்ளைக்காரன் காலச் சட்டத்தின்கீழ் 'கார்டியன்' ஆகலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுத் தம்பதி இங்கே கோர்ட்டில் கார்டியன் என்று உத்தரவு வாங்கி, குழந்தையைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுபோய், தங்கள் நாட்டில் தத்து எடுத்துக்கொள்வார்கள். நடுவழியில் என்ன ஆனாலும் கேட்க ஆளில்லை.

இதைச் சரிசெய்ய எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒரு தத்துச் சட்ட மசோதா 1972இல் ராஜ்ய சபைக்கு வந்தது. முஸ்லிம்கள் தரப்பில் எதிர்ப்பு எழவே அது கைவிடப்பட்டது. மறுபடியும் 1980இல் லோக் சபையில் ஒரு மசோதா வந்தது. இந்தமுறை முஸ்லிம்களுக்கு விலக்குக் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். உடனே பார்சிகளில் ஒரு பிரிவினர் எங்களுக்கும் விலக்குக் கொடு என்றார்கள். அதுவும் சட்டமாகாமலே போனது. யாருடைய மத நம்பிக்கையையும் நான் குறை சொல்ல வரவில்லை. அவரவர் வழக்கம் அவரவருக்கு. ஆனால் இத்தனை பெரியவர்களும் இத்தனை வருடம் விவாதித்த விஷயத்தில், தொட்டிலில் கிடந்த குழந்தையின் பக்கமாக நின்று பேச ஒரு பிரதிநிதி இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் வியாபாரம் நுழைந்தது.

1982இல் லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற சுப்ரீம் கோர்ட் வக்கீல் ஒரு கடிதம் எழுதினார். கேஸ் கட்டு அல்ல, ஒரு கடிதம். தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் சில ஸ்தாபனங்கள் செய்யும் அக்கிரமங்களை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை விசாரித்து வெளியிட்டிருந்ததை வைத்து அந்தக் கடிதத்தை எழுதினார். சின்னஞ்சிறு சிசுக்கள் நீண்ட பிரயாணத்தில் உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுபோகப்படுவதையும், போன இடத்தில் சில பிள்ளைகள் பிச்சைக்கும் விபசாரத்துக்கும் தள்ளப்படுவதையும் சொல்லியிருந்தார். சுப்ரீம் கோர்ட் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றுக்கொண்டது. நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார். ஒரு கடிதத்துக்கு என்ன பலம் உண்டு என்று நம் சங்கத்து இளைஞர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தீர்ப்பு வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்யவில்லை. திறந்தும் விடவில்லை. குழந்தைக்கு முதல் உரிமை பெற்ற தாய் தகப்பனிடம் வளர்வது. அது முடியாதபோது இந்தியாவிலேயே ஒரு குடும்பம் தேட வேண்டும். அதுவும் கிடைக்காதபோதுதான் வெளிநாடு என்று வரிசை போட்டுக் கொடுத்தது. அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்கள் மூலமாக மட்டுமே நடக்க வேண்டும், இன்னொரு அமைப்பு அதைப் பரிசீலித்துக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும், குழந்தையைக் கொடுக்கும் தாய்க்கு அதன் விளைவு என்ன என்று புரியவைத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. 1990இல் 'காரா' என்ற மத்திய தத்தெடுப்பு அமைப்பு ஏற்பட்டது. சர்வதேச அளவில் 1993இல் ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதை 2003இல் ஏற்றது. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்துக்குப் பிறகு எந்த மதத்தாரும் தத்தெடுக்க வழி பிறந்தது. 2014இல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. பாராளுமன்றம் 1972இல் ஒரே நாளில் செய்திருக்கக்கூடிய காரியத்துக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

சட்டம் வந்ததும் அக்கிரமம் ஒழிந்ததா? ஒழியவில்லை. இதை மறைத்துவிட்டு நான் வெளிநாட்டுத் தத்துக்கு வக்காலத்து வாங்கினால் நீங்கள் என்னை நம்பக்கூடாது.

1999லும் 2001லும் ஹைதராபாத்தில் என்ன நடந்தது? தெலங்கானாப் பகுதியின் லம்பாடித் தாண்டாக்களில் ஏழைத் தாய்களிடம் சொற்பப் பணத்தைக் கொடுத்துப் பெண் சிசுக்களை வாங்கி, தத்து இல்லங்களில் சேர்த்து, வெளிநாட்டுக்கு அனுப்பியது அம்பலமாயிற்று. 2005இல் சென்னையில் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற ஸ்தாபனத்தின் விவகாரம் வெடித்தது. இது விலைக்கு வாங்கியதுகூட அல்ல. குடிசைப் பகுதிகளில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை, அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தையைத் திருடிக்கொண்டு போய், அனாதை என்று காகிதம் தயாரித்து ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியிருந்தார்கள். கூலிவேலை செய்யும் தமிழ்ப் பெற்றோர் ஆண்டுக்கணக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் ஜோசியக்காரனிடம் போனார்கள். பிள்ளையோ வேறு பெயரில், வேறு பாஷை பேசிக்கொண்டு, கடல் கடந்த நாட்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

இலங்கையில் இதைவிட மோசம். 1980களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் ஆயிரக்கணக்கில். கர்ப்பிணிகளை ஒரே இடத்தில் அடைத்துவைத்துப் பிள்ளை பெறவைக்கும் 'குழந்தைப் பண்ணை'கள் இருந்ததாகவே வெளிவந்தது. கோர்ட்டில் கையெழுத்துப் போட வந்த 'தாய்' சில நேரம் உண்மைத் தாயே அல்ல, கூலிக்கு அமர்த்திய பெண். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியபோது இலங்கை மந்திரி ஒருவர் ஒப்புக்கொண்டார். 2020இல் சுவிட்சர்லாந்து சர்க்கார் தன் அதிகாரிகளின் அலட்சியத்துக்கு வருத்தம் தெரிவித்தது. இன்று அந்தப் பிள்ளைகள் நாற்பது வயதானவர்கள். அம்மாவைத் தேடிக் கொழும்புக்கு வருகிறார்கள். கையிலிருக்கும் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் பொய், விலாசம் பொய்.

நம் ஊருக்கே வருவோம். 2016இல் நஞ்சன்கூடு பக்கம் பிச்சையெடுத்துப் பிழைத்த ஒரு பெண்ணின் குழந்தை களவு போனது. போலீசார் அதன் வேரைத் தேடிப் போனபோது மைசூரில் ஒரு கும்பலே பிடிபட்டது. பதினாறு குழந்தைகள் மீட்கப்பட்டன. ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவர்களே அதில் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளை வாங்கியவர்கள் வெளிநாட்டார் அல்ல, உள்ளூர்க் குடும்பங்கள். வெளிநாட்டுக் கதவைச் சாத்திவிட்டால் குழந்தைக் கடத்தல் நின்றுவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பதினாறையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, ஆபத்து எல்லையில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது. 'அனாதை' என்று ஒரு குழந்தையின்மேல் முத்திரை குத்துகிறார்களே, அந்த இடத்தில் இருக்கிறது. அந்த முத்திரை பொய்யானால் குழந்தை போவது பெங்களூருக்கா பெர்லினுக்கா என்பது இரண்டாவது கேள்வி.

சரி, கதவைச் சாத்தியவர்கள் என்ன சாதித்தார்கள்?

2012 டிசம்பரில் ரஷ்யா ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்கக்கூடாது. 2013 ஜனவரி முதல் அமல். அமெரிக்காவில் காருக்குள் மறந்துவிடப்பட்டு வெயிலில் இறந்துபோன ஒரு ரஷ்யக் குழந்தையின் பெயரைச் சட்டத்துக்கு வைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை இறந்தது 2008இல். சட்டம் வந்ததோ, ரஷ்ய அதிகாரிகள் சிலருக்கு விசா மறுத்து அமெரிக்கா ஒரு சட்டம் போட்ட இரண்டே வாரத்தில். பெரிய இடத்துச் சண்டைக்கு அனாதை இல்லத்துப் பிள்ளை பணயமானது. அதற்கு முன் சுமார் இருபது வருடத்தில் அறுபதாயிரம் ரஷ்யக் குழந்தைகள் அமெரிக்காவில் வீடு கண்டிருந்தார்கள். சட்டம் வந்த அன்று நூற்றுக்கணக்கான குழந்தைகள் தங்களைக் கூட்டிப்போக வரப்போகும் அப்பா அம்மாவை நேரில் பார்த்துப் பழகி, மடியில் உட்கார்ந்து, போட்டோவும் வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் ஏதாவது ஊனமோ வியாதியோ உள்ளவர்கள். அந்தக் குழந்தைகளிடம் யார் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? 2017இல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் அந்தச் சட்டம் பாரபட்சமானது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது நான்கு வருடம் ஓடியிருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு நான்கு வருடம் என்பது அதன் ஆயுளில் பாதி.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. 1991 டிசம்பரில் காவிரி விவகாரத்தில் இங்கே கலவரம் மூண்டபோது நான் பள்ளிச் சிறுவன். தண்ணீர் எத்தனை டி.எம்.சி. என்பது ராஜ்யங்களுக்குள் உள்ள வழக்கு. அடி விழுந்தது குடிசையில். மேலே இருப்பவர்கள் கோபித்துக்கொண்டால் கீழே இருப்பவனுக்கு என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ருமேனியாவையும் பாருங்கள். ஐரோப்பிய யூனியனில் சேருவதற்கான பேச்சுவார்த்தையில் இது ஒரு நிபந்தனை மாதிரி ஆகி, 2001இல் நிறுத்திவைத்தார்கள், 2005 முதல் ஏறக்குறைய முழுத் தடை. அங்கே முன்பு நடந்தது சந்தை வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் சந்தையை மூடினார்களே தவிர, அதற்குள் இருந்த குழந்தைகளுக்கு ருமேனியாவிலேயே வீடு தேடும் ஏற்பாடு அதே வேகத்தில் நடக்கவில்லை. இங்கே ஆந்திர சர்க்கார் 2001இல், வறுமையைக் காரணம் காட்டிக் குழந்தையை ஒப்படைப்பதையே தடை செய்தது. விற்பனையைத் தடுக்க அது சரியான காரியம். ஆனால் ஏற்கெனவே வெளிநாட்டுத் தம்பதிகளோடு பொருத்தப்பட்டிருந்த குழந்தைகளின் வழக்குகளும் அதில் சிக்கி வருடக்கணக்கில் நின்றன. குற்றவாளிக்கு ஜாமீன் கிடைத்தது, குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். அவசரமாக அள்ளிக்கொண்டு போவதும் அரசியல்தான். 1975 ஏப்ரலில் சைகோன் வீழப்போகிற நேரத்தில் அமெரிக்கா வியட்நாம் குழந்தைகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது. முதல் விமானமே ஏப்ரல் 4ஆம் தேதி விழுந்து நொறுங்கியது. அதில் இறந்த குழந்தைகள் மட்டும் எழுபத்தெட்டு. பிழைத்துப் போன குழந்தைகள் எல்லோருமே அனாதைகள் அல்லர் என்று பிறகு கோர்ட்டில் வழக்கு நடந்தது. போரில் தோற்றுப்போகிறவனுக்குப் புண்ணியக் கணக்கு தேவைப்பட்டது. குழந்தைகள் அதற்குக் கிடைத்தார்கள்.

இதற்கு மாறாகத் தமிழ்நாட்டில் நன்றாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி என்று கடற்கரை முழுவதும் பிணக்காடு. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் "அனாதைக் குழந்தையைக் கொடுங்கள், வளர்க்கிறோம்" என்று கேட்டார்கள். பலர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்கள். தமிழ்நாடு சர்க்கார் இப்போது தத்து இல்லை என்று சொல்லிவிட்டது. சர்க்கார் இல்லங்களைத் திறந்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் ரூ.5 லட்சம் டெபாசிட் போட்டது. அது சரியான முடிவு. ஏனென்றால் பெற்றவர் எந்த முகாமில், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரியாத நேரம். பெற்றவர் இல்லையென்றாலும் பாட்டி இருப்பாள், மாமன் இருப்பான். கடலின் அந்தக் கரையில், இலங்கைக் கல்முனை ஆஸ்பத்திரியில், அன்றைக்குச் சேர்க்கப்பட்ட எண்பத்தொன்றாவது ஆள் ஒரு கைக்குழந்தை. பெயர் தெரியாததால் 'எண் 81' என்றே உலகம் முழுக்கச் சொன்னார்கள். பலர் அந்தக் குழந்தையைத் தங்களுடையது என்று சொல்வதாகச் செய்தி பரவியது. கடைசியில் கோர்ட்டுக்கு வந்து உரிமை கோரியது ஒரே ஒரு தமிழ்த் தம்பதிதான். டி.என்.ஏ. பரிசோதனை செய்து 2005 பிப்ரவரியில் குழந்தை அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஏழு வாரத்துக்குள் யாராவது 'கருணை' காட்டி விமானத்தில் ஏற்றியிருந்தால்?

ஆகவே நிறுத்துவது என்றால் இதுபோல நிறுத்த வேண்டும். தேடுவதற்காக, காலவரம்போடு, நிறுத்துகிறவனே குழந்தைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு. மேடையில் கைதட்டல் வாங்குவதற்காக அல்ல.

இன்றைய நிலவரம் என்ன? காராவின் கணக்குப்படி 2024-25ஆம் ஆண்டில் தத்துப் போன குழந்தைகள் 4,515. அதில் 4,155 குழந்தைகள் இந்தியாவுக்குள்ளேயே போனார்கள். மீதிதான் வெளிநாடு. நம் குழந்தைகளை வெளிநாட்டான் கப்பல் கப்பலாகக் கொண்டுபோகிறான் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். இன்னொரு பக்கம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தம்பதிகள் பெயர் பதிந்துவிட்டு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். இப்படியிருக்க, குழந்தைகள் ஏன் இல்லங்களில் தங்கிப்போகிறார்கள்? கேட்கிறவர்கள் எல்லோருக்கும் கைக்குழந்தை வேண்டும். ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நிறத்தைக்கூடப் பார்க்கிறவர்கள் உண்டு. ஏழு வயதுப் பையன், காது கேளாத சிறுமி, இருதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை, பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கை இவர்களை எடுக்க நம் நாட்டில் ஆள் மிகக் குறைவு. வெளிநாட்டுக்குப் போகும் அந்தச் சிலநூறு பேரில் பெரும்பாலோர் இவர்கள்தான். கதவைச் சாத்தினால் நஷ்டம் இவர்களுக்கு. கதவைச் சாத்து என்று கோஷம் போடுகிற எந்த மகானும் இந்தக் குழந்தைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

2013இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கேஸ் வந்தது. பத்து வயதை எட்டிய ஒரு பெண் குழந்தை. இந்தியாவில் யாரும் எடுக்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய, கல்யாணமாகாத அமெரிக்கப் பெண்மணி ஒருவர் வளர்க்க முன்வந்தார். வயது விதிக்கு மேல் என்று கீழ்க் கோர்ட்டும் டில்லி ஹைகோர்ட்டும் மறுத்தன. இந்த மாதிரிக் குழந்தைகளின் விஷயத்தில் விதியைத் தளர்த்த இடமிருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. சட்டப் புத்தகத்தை நீட்டிப் பிடித்துப் படித்தால் விதி தெரியும், கொஞ்சம் தாழ்த்தினால் எதிரே நிற்கும் குழந்தை தெரியும்.

உள்ளூர் அரசியலும் இதே வேலையைச் செய்கிறது. 2015இல் தனியாக வாழ்பவர்களும் தத்தெடுக்கலாம் என்ற விதியைத் தங்கள் மனசாட்சி ஏற்கவில்லை என்று அன்னை தெரஸாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி தத்துக் கொடுக்கும் வேலையிலிருந்தே விலகியது. சர்க்காரும் விட்டுக்கொடுக்கவில்லை, கன்னியாஸ்திரிகளும் விட்டுக்கொடுக்கவில்லை. 2022 செப்டம்பரில் தத்து உத்தரவு போடும் அதிகாரம் கோர்ட்டிலிருந்து மாவட்ட கலெக்டருக்கு மாற்றப்பட்டது. சீக்கிரம் முடியும் என்றுதான் செய்தார்கள். ஆனால் கோர்ட்டில் முடியும் தறுவாயிலிருந்த கேஸ்களையும் சேர்த்து மாற்றியதில் குடும்பங்கள் தவித்தன. 2023 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட் தலையிட வேண்டியிருந்தது. நான் ரயில்வே குமாஸ்தா. ஒரு ஃபைல் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி நம் விஷயம். தாய்மார்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக மைசூருக்கு வருகிறது. அதில் நம் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளை தவறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வேலையிடத்தில் தகப்பன் விழுந்து இறந்து, தாய் ஆஸ்பத்திரியில் கிடக்க, பிள்ளையை யாரோ கொண்டுபோய் ஒப்படைக்கிறார்கள். ரயில்வே பாதுகாப்புப் படையோ போலீசோ குழந்தையைக் குழந்தை நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். அது சட்டம், நல்ல சட்டம். இங்கே அந்த ஆபீஸின் போர்டில் 'மக்கள கல்யாண சமிதி' என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள், கல்யாண என்றால் நலம். நம் ஆட்களிடம் யாராவது படித்துச் சொன்னால், ஏதோ கல்யாணம் நடத்திவைக்கிற ஆபீஸ் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுவார்கள். சிரிக்காதீர்கள், சிரிக்கிற விஷயம் இல்லை.

குழு குழந்தையைப் பாலமந்திரத்தில் சேர்க்கும். பெற்றோரைத் தேட வேண்டும். அதற்காக ஒரு தேசியப் பத்திரிகையிலும் ஒரு வட்டார பாஷைப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதம் என்று கெடு. அதற்குள் யாரும் வரவில்லையென்றால், விசாரித்து, தத்துக்குத் தகுதியான குழந்தை என்று அறிவிக்கலாம். இங்கே வட்டார பாஷை என்றால் கன்னடம். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத, தமிழே படிக்கத் தெரியாத ஒரு தாய் கன்னடப் பேப்பரில் தன் பிள்ளையின் போட்டோவை எப்படிப் பார்ப்பாள்? குழந்தை வேறு ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அதன் சொந்தப் பகுதியில், அங்குள்ள பாஷையில் விளம்பரம் செய்ய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆனால் குழந்தை பேசுவது தமிழ் என்றும், எந்த ஜில்லாத் தமிழ் என்றும் கண்டுபிடித்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டுமே! மூன்று வயதுக் குழந்தைக்கு ஊர் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் "ஆயா" என்று யாரைக் கூப்பிடுகிறது, சோற்றை எப்படிக் கேட்கிறது என்பதை வைத்து நம் கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.

அனாதைக்காகப் பேசுகிறோம் என்றால் முதல் வேலை, அனாதை அல்லாத குழந்தையை அனாதையாக்க விடாமல் இருப்பது. அதைச் செய்துவிட்டால்தான், உண்மையிலேயே யாரும் இல்லாத குழந்தைக்கு, அது உள்ளூரோ வெளியூரோ வெளிநாடோ, தயங்காமல் ஒரு வீடு கொடு என்று நாம் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.

வறுமையால் பிள்ளையை வளர்க்க முடியவில்லை என்று நினைக்கும் தாய் இங்கே யாராவது இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம். தகப்பனில்லாத பிள்ளைக்கும், தீராத நோயுள்ள பெற்றோரின் பிள்ளைக்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 உதவி உண்டு. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மனுவை நாம் எழுதித் தருகிறோம். அப்படியும் முடியவில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குழந்தை நலக் குழுவிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகும் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. நர்ஸம்மா சொன்னார், மேஸ்திரி சொன்னார், நல்ல பணக்காரக் குடும்பம் என்று சொன்னார் என்று யார் கையிலாவது கொடுத்தால் அது சட்டப்படி தத்து அல்ல. பணம் கைமாறினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஐந்து வருடம் வரை ஜெயில். அந்த இரண்டு மாதமும் போய்விடும், பிள்ளையும் போய்விடும்.

சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர்களுக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் ஞாபகமிருக்கும். 1992இல் அங்கேதான் ஆரம்பித்தார்கள். பெண் சிசுவைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றார்கள். கொலையைத் தடுத்தது, நல்லதுதான். ஆனால் பெண் என்றால் போட்டுவிடலாம் என்று சர்க்காரே இடம் காட்டிக் கொடுத்ததாகவும் அப்போதே பலர் கண்டித்தார்கள். அந்தத் தொட்டிலில் வளர்ந்த பெண்கள் இன்று முப்பது வயதுக்காரிகள். நம் அடுத்த தெருவிலேயே யாராவது இருக்கலாம். அதனால் 'அனாதை' என்ற வார்த்தையை வசவாக உபயோகிப்பதை நாம் நிறுத்தலாம்.

கடைசியாக, மனு விஷயம். மாவட்ட கலெக்டருக்கும் குழந்தை நலக் குழுவுக்கும் ஒரு மனு தயாராகியிருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறது. அதில் கேட்டிருப்பது இவை: தமிழ் பேசும் குழந்தை வந்தால் சொந்த ஜில்லாவில் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும், குழுவின் முன் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், சம்பளம் வேண்டாம், சங்கம் ஆள் அனுப்பும், குடும்பத்தோடு பொருத்தியாகிவிட்ட எந்தக் குழந்தையின் ஃபைலையும், அந்தக் குடும்பம் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், ராஜ்யச் சண்டைக்காகவோ மதச் சண்டைக்காகவோ தேசச் சண்டைக்காகவோ நிறுத்திவைக்கக்கூடாது என்று மத்திய சர்க்காருக்கு மாவட்டம் எழுத வேண்டும். கடைசிக் கோரிக்கை கலெக்டர் கையில் இல்லை என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார். வாஸ்தவம். 1982இல் அந்த வக்கீலின் கையிலும் ஒரு கடிதம்தான் இருந்தது.

மேஜைமேல் மை டப்பா இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். பாலமந்திரத்துக்கும் ஸ்டேஷனுக்கும் முறைபோட்டுப் போய்வர ஆறு பேர் வேண்டும். குறைந்தது மூன்று பேர் பெண்களாக, ஊர்ப்பேச்சு வித்தியாசம் தெரிந்த வயதானவர்களாக இருக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட வரட்டும். தெருவில் தனியாகக் குழந்தையைப் பார்த்தால் கூப்பிட வேண்டிய நம்பர் 1098, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயர் கொடுப்பவர்கள் இப்போதே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.